பார்த்துட்டு வாங்காம போனவங்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டுறது: ரீடார்கெட்டிங் பத்தி ஆரம்பத்துல இருந்து

ஆன்லைன்ல கடை வச்சிருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆளுங்க வர்றாங்க, நாலு பொருளைப் பாக்குறாங்க, போயிடுறாங்க. டென்மார்க்ல பேமார்ட்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, ஆன்லைன் கடைகளோட செக்அவுட் பேஜ், அதாவது காசு கட்டி முடிக்கற பேஜ் பத்தி நிறைய வேலை பண்ணியிருக்காங்க, அவங்க பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட சராசரிப்படி கார்ட்ல, அதாவது வாங்கறதுக்குன்னு சேர்த்து வைக்கற கூடையில பொருளைப் போட்டவங்கள்லயே 100க்கு சுமார் 70 பேர் காசு கட்டாம வெளிய போயிடுறாங்க. கார்ட்ல போட்டவங்க கதையே இப்படின்னா சும்மா பாத்துட்டுப் போனவங்களை விட்டுடுங்க. இப்படிப் போனவங்க அப்புறம் வேற எங்கயோ செய்தி படிக்கும்போது, யூடியூப் பாக்கும்போது, இன்ஸ்டாகிராம் தள்ளும்போது அவங்க கண்ணுல உங்க கடை விளம்பரம் மறுபடி படுற மாதிரி பண்றதுக்குப் பேர்தான் ரீடார்கெட்டிங். கூகுள்காரங்க ரீமார்கெட்டிங்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

இதை செட் பண்றது அரை நாள் வேலை. ரிப்போர்ட்டும் பாக்க ரொம்ப அழகா இருக்கும், மத்த எல்லா விளம்பரத்தையும் விட இதுலதான் செலவுக்கு வரவு அதிகம்னு காட்டும். அந்த அழகான ரிப்போர்ட்டை நம்பி மாசாமாசம் காசைக் கொட்டுற சின்ன வியாபாரிங்க நிறைய பேர் இருக்காங்க, அதுல பாதி காசு எப்படியும் வாங்கியிருக்கப் போறவங்களுக்கும், ஏற்கனவே வாங்கி முடிச்சவங்களுக்கும் விளம்பரம் காட்டவே போயிட்டிருக்கும். அதனால இது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பாத்துட்டு, யாரை லிஸ்ட்ல இருந்து எடுக்கணும், நிஜமா பலன் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கிறதுல கொஞ்சம் அதிக நேரம் நிப்போம்.

முதல்ல உள்ள நடக்கறது. உங்க சைட்ல ஒரு குட்டி கோட், அதாவது சில வரி புரோகிராம் போடுவீங்க, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துற மெட்டாவுல அதுக்குப் பேரு பிக்சல், கூகுள்ல டேக். ஆரம்ப காலத்துல நிஜமாவே ஒரு புள்ளி அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத படத்தைத்தான் பேஜ்ல ஒளிச்சு வச்சாங்க, பிக்சல்ங்கிற பேர் அங்க இருந்து வந்ததுதான். ஒருத்தர் உங்க பேஜைத் திறந்ததும் அந்த கோட் ஓடி, "இந்த பிரவுசர் இந்தப் பொருளைப் பாத்துச்சு"ன்னு கூகுளுக்கோ மெட்டாவுக்கோ ஒரு சேதி அனுப்பும். எந்த பிரவுசர்னு தெரியறதுக்கு உதவுறது குக்கி, அதாவது பிரவுசர்க்குள்ள சேமிச்சு வைக்கிற ஒரு சின்ன அடையாள எண். 1994ல நெட்ஸ்கேப்ங்கிற பிரவுசர் கம்பெனில வேலை பார்த்த லூ மான்டுல்லிதான் இந்த குக்கியைக் கண்டுபிடிச்சவர், அப்ப அதுக்கு இருந்த முக்கியமான தேவை ஆன்லைன் கடையோட கார்ட்ல என்ன போட்டோம்ங்கிறது அடுத்த பேஜுக்குப் போனதும் மறந்துடாம இருக்கறது. கார்ட்டை ஞாபகம் வச்சுக்க வந்ததுதான் கார்ட்டை விட்டுட்டுப் போனவங்களைத் தேடிப் பிடிக்கவும் உதவுது.

சேதி போனதும் அந்த பிரவுசர் உங்க லிஸ்ட்ல சேர்ந்துடும். உங்களுக்கு அவர் பேர், நம்பர் எதுவும் தெரியாது, லிஸ்ட்ல இத்தனை பேர் இருக்காங்கன்னு மட்டும்தான் தெரியும். அப்புறம் அவர் வேற ஒரு சைட்டைத் திறக்கறார், அங்க ஒரு விளம்பர இடம் காலியா இருக்கு, அந்தப் பேஜ் திறக்கற கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள அந்த இடத்துக்கு ஒரு ஏலம் நடக்கும். இந்த ஆள் நம்ம லிஸ்ட்ல இருக்காருன்னு தெரிஞ்சா உங்க சார்பா சிஸ்டம் கொஞ்சம் அதிகமா ஏலம் கேக்கும், ஜெயிச்சா உங்க விளம்பரம் வரும். கூகுள் இந்த மாதிரி உடனுக்குடன் நடக்கற ஏலத்தை 2009ல டபுள்கிளிக் ஆட் எக்ஸ்சேஞ்ச்ங்கிற அவங்க விளம்பர இடச் சந்தைல கொண்டு வந்துச்சு, 2010 மார்ச்ல ரீமார்கெட்டிங்கை எல்லா விளம்பரதாரருக்கும் திறந்துவிட்டுச்சு. அதுக்கு முன்னாடியே 2005ல பாரிஸ்ல ஆரம்பிச்ச கிரிட்டியோ மாதிரி கம்பெனிங்க இதையே முழுநேரத் தொழிலா பண்ணிட்டிருந்தாங்க, நீங்க பாத்த அதே ஷூ படம் உங்க பின்னாடியே வந்துச்சுன்னா அந்தக் காலத்துல பெரும்பாலும் அவங்க கைவேலையா இருந்திருக்கும்.

இப்ப இதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, இதைப் புரிஞ்சுக்காம ஆரம்பிச்சா லிஸ்ட்ல ஏன் இவ்ளோ கம்மியா ஆள் இருக்காங்கன்னு குழம்பிப் போவீங்க. குக்கில ரெண்டு வகை. உங்க சைட்டே வைக்கிற குக்கி ஒண்ணு, உங்க சைட்ல இருக்கும்போது வேற கம்பெனி வைக்கிற குக்கி இன்னொண்ணு. ரெண்டாவதுதான் தேர்ட் பார்ட்டி குக்கி, ஒரு ஆளை சைட் விட்டு சைட் அடையாளம் கண்டுபிடிக்க உதவுறது அதுதான். ஆப்பிள் 2017லயே அவங்க சஃபாரி பிரவுசர்ல இதுக்குக் கட்டுப்பாடு போட ஆரம்பிச்சு 2020 மார்ச்ல முழுசா அடைச்சுட்டாங்க, பயர்பாக்ஸ் பிரவுசர் 2019லயே ஏற்கனவே தெரிஞ்ச டிராக்கர்களை, அதாவது ஆளைப் பின்தொடர்ற கோடுகளை, தானாவே தடுக்க ஆரம்பிச்சுச்சு. 2021 ஏப்ரல்ல ஐபோன் சாஃப்ட்வேரோட ஐஓஎஸ் 14.5 பதிப்பு வந்தப்ப ஒவ்வொரு ஆப்பும் "உங்களைப் பின்தொடரலாமா"ன்னு கேட்டே ஆகணும்னு ஆப்பிள் சொல்லிடுச்சு, நிறைய பேர் வேண்டாம்னு அழுத்தினாங்க, பேஸ்புக் விளம்பரத்தையே நம்பி இருந்த சின்னக் கடைங்களுக்கு அது நல்ல அடி. கூகுள் மட்டும் 2020ல இருந்து க்ரோம்ல குக்கியை எடுக்கறோம் எடுக்கறோம்னு சொல்லித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலைல எடுக்கப் போறதில்லைன்னு அறிவிச்சுடுச்சு. நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க கையில ஆண்ட்ராய்டும் க்ரோமும்தான், அதனால இங்க இந்த அடி அவ்ளோ பலமா விழல. ஆனா உங்க வாடிக்கையாளர் லண்டன்லயோ டொராண்டோலயோ ஐபோன் வச்சிருக்கற ஆளுங்கன்னா கணக்கே வேற.

ஆண்ட்ராய்டுலயும் ஒரு ஓட்டை இருக்கு. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டினா உங்க சைட் இன்ஸ்டாகிராமுக்குள்ளயே இருக்கற பிரவுசர்ல திறக்கும். அதே ஆள் சாயந்தரம் க்ரோமைத் திறந்து உங்க கடை பேரை டைப் பண்ணி வந்தா அங்க குக்கி வேற, சிஸ்டத்துக்கு அவர் புது ஆள். மெட்டாவும் கூகுளும் அவங்க லாகின் கணக்கை வச்சு ஓரளவு சேர்த்துக் கண்டுபிடிச்சுடுவாங்க, எல்லா நேரமும் இல்ல.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். சேலம் பக்கத்துல இருக்கற இளம்பிள்ளைல இருந்து சேலை எடுத்து ஆன்லைன்ல விக்கிற ஒரு சின்னக் கடைன்னு வச்சுக்கங்க. மாசம் 3000 பேர் வர்றாங்க, 60 பேர் வாங்குறாங்க. மிச்சம் 2940 பேர். புதுசா ஆரம்பிக்கறவங்க பண்றது என்னன்னா இந்த 2940 பேரையும் "ஆல் விசிட்டர்ஸ்"னு ஒரே லிஸ்ட்ல போட்டு ஒரே விளம்பரத்தை எல்லாருக்கும் காட்டுவாங்க. ஆனா உள்ள பிரிச்சுப் பாத்தா இது மூணு கூட்டம். ஒரு 2000 பேர் முதல் பேஜைப் பாத்த சில செகண்ட்லயே போயிருப்பாங்க, கை தவறித் தட்டினவங்க, விலையைப் பாத்ததும் நமக்கு இல்லன்னு போனவங்க, சேலை கட்டுற பழக்கமே இல்லாதவங்க எல்லாம் இதுல உண்டு. ஒரு 700 பேர் நாலஞ்சு சேலையை நிதானமா பாத்திருப்பாங்க, ஜூம் பண்ணிப் பாத்திருப்பாங்க. மிச்சம் 240 பேர் கார்ட்ல போட்டுட்டு நின்னவங்க.

முதல் 2000 பேருக்குச் செலவு பண்ணவே வேண்டாம்ங்கிறது என் கட்சி. அவங்க உங்க சைட்டுக்கு வந்தாங்கங்கிற ஒரே காரணத்துக்காக அவங்க உங்க வாடிக்கையாளர் ஆகிட மாட்டாங்க. கூகுள்லயும் மெட்டாவுலயும் சைட்ல எவ்ளோ நேரம் இருந்தாங்க, எந்தப் பேஜ் வரைக்கும் போனாங்கன்னு வச்சு லிஸ்ட் பிரிக்க வசதி இருக்கு. மெட்டாவுல வியூ கன்டென்ட், ஆட் டு கார்ட், இனிஷியேட் செக்அவுட், பர்ச்சேஸ்னு ஒவ்வொரு படிக்கும் ஒரு பேர் உண்டு, ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் மாதிரி ஆன்லைன் கடை அமைக்க உதவுற இடத்துல ஆப்போ பிளகினோ போட்டா இதெல்லாம் தானாவே போக ஆரம்பிச்சுடும். ஒண்ணே ஒண்ணு பாத்துக்கங்க, ஆப்பும் போட்டு, யாரோ சொன்னாங்கன்னு அதே பிக்சல் கோடைத் தீம்லயும் ஒட்டி வச்சீங்கன்னா ஒரு விற்பனை ரெண்டா பதிவாகும். க்ரோம்ல மெட்டா பிக்சல் ஹெல்பர்னு ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைக்கும், கூகுளுக்கு டேக் அசிஸ்டென்ட், ரெண்டையும் போட்டு ஒரு தடவை நீங்களே உங்க கடையில பொருள் வாங்கிப் பாத்தீங்கன்னா எது எத்தனை தடவை போகுதுன்னு தெரிஞ்சுடும்.

எவ்ளோ நாளைக்கு ஒருத்தரை லிஸ்ட்ல வச்சிருக்கலாம்னா, கூகுள்ல அதிகபட்சம் 540 நாள், மெட்டாவுல சைட் விசிட்டர் லிஸ்ட்டுக்கு 180 நாள். வைக்க முடியும்ங்கிறதுக்காக அவ்ளோ நாள் வைக்க வேண்டியதில்ல. கார்ட்ல போட்டவங்க மனசு மாறுறது முதல் சில நாள்லதான், ஒரு வாரம், மிஞ்சிப் போனா ரெண்டு வாரம் போதும், அதுக்கு மேல அந்தச் சேலை அவங்க மனசுல இருக்காது இல்லன்னா வேற எங்கயோ எடுத்திருப்பாங்க. 700 பேர் கூட்டத்துக்கு ஒரு மாசம் வைக்கலாம். ஆனா 540 நாளுக்கும் ஒரு உபயோகம் இருக்கு, போன தீபாவளிக்கு உங்ககிட்ட வாங்கினவங்க லிஸ்ட் அது வரைக்கும் உயிரோட இருக்கும், அடுத்த தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி அவங்களுக்குப் புதுச் சரக்கைக் காட்டலாம். பைக், கல்யாண மண்டபம், கோச்சிங் சென்டர் மாதிரி யோசிச்சு எடுக்கற முடிவுகளுக்கு இந்த நாள் கணக்கெல்லாம் நீளும், உங்க வாடிக்கையாளர் முதல் தடவை பாத்ததுக்கும் வாங்கறதுக்கும் நடுவுல எத்தனை நாள் எடுத்துக்கறாங்கன்னு உங்க பழைய ஆர்டர்லயே பாத்துக்கலாம்.

லிஸ்ட் ரொம்பச் சின்னதா இருந்தா ஓடாதுங்கிறதையும் தெரிஞ்சுக்கங்க. கூகுள் டிஸ்ப்ளேல, அதாவது மத்த சைட்கள்ல கூகுள் காட்டுற பட விளம்பரத்துல, கடைசி 30 நாள்ல குறைஞ்சது 100 பேராவது லிஸ்ட்ல இருந்தாத்தான் விளம்பரம் போகும், தனி ஆளைக் குறி வச்சுக் காட்டிடக் கூடாதுன்னுதான் அந்த விதி. உங்க சைட்டுக்கு மாசம் 200 பேர்தான் வர்றாங்கன்னா இப்ப ரீடார்கெட்டிங் உங்களுக்கு வேலை இல்ல, முதல்ல சரியான ஆளுங்களை வரவைக்கறதுல காசு போடுங்க.

அடுத்து என்ன காட்டுறது. டைனமிக் விளம்பரம்னு ஒண்ணு இருக்கு, உங்க பொருள் பட்டியல் முழுசையும் படம், விலையோட ஏத்தி வச்சுட்டா, யார் எந்தச் சேலையைப் பாத்தாங்களோ அதையே அவங்களுக்குக் காட்டும். கேக்க பிரமாதமா இருக்கும். ஆனா 2013ல வெளிவந்த ஒரு ஆய்வு சொல்றது வேற மாதிரி, ஒரு டிராவல் சைட்டை வச்சுப் பரிசோதனை பண்ணிப் பாத்தப்ப, பாத்த அதே ஹோட்டலைக் காட்டுற விளம்பரம் பொதுவான பிராண்ட் விளம்பரத்தை விட சராசரியா கம்மியாத்தான் வேலை செஞ்சுச்சு. எப்ப அது நல்லா வேலை செஞ்சுதுன்னா, அந்த ஆள் ரிவ்யூ சைட்டுக்கெல்லாம் போய்ப் படிச்சு, எனக்கு இந்த மாதிரிதான் வேணும்னு ஒரு முடிவுக்கு வந்த பிறகு. யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருக்கு, எங்க போறதுன்னே முடிவு பண்ணாதவர்கிட்ட குறிப்பிட்ட ஒரு ரூமைக் காட்டி என்ன பிரயோஜனம்? நம்ம சேலைக் கடைக்கு இதைப் பொருத்துனா, 700 பேர் கூட்டத்துக்கு ஒரே சேலையைத் திரும்பத் திரும்பக் காட்டாம கடையில என்னென்ன வகை இருக்கு, என்ன விலைல இருந்து ஆரம்பிக்குதுன்னு காட்டலாம், கார்ட்ல போட்ட 240 பேருக்கு அவங்க எடுத்த அதே சேலையைக் காட்டலாம்.

அந்த 240 பேரும் ஏதோ ஒரு சந்தேகத்துல நின்னவங்க. படத்துல இருக்கற கலர் நேர்லயும் வருமா, ஒரு தடவை துவைச்சா சாயம் போகுமா, பிடிக்கலன்னா திருப்பி எடுத்துப்பாங்களா, வெள்ளிக்கிழமை விசேஷத்துக்குள்ள வந்து சேருமா. விளம்பரத்துல அதே படத்தை மறுபடி போடறதுக்குப் பதிலா, வெயில்ல வச்சு எடுத்த ஒரு 15 செகண்ட் வீடியோ, திருப்பி அனுப்புற விதி ரெண்டு வரில, டெலிவரி எத்தனை நாள்னு தெளிவா போட்டா அது நிஜமா உதவி. ஆனா எல்லாரும் எடுத்ததும் பண்றது 10 சதவீதம் தள்ளுபடி கூப்பன். இது ரொம்ப ஆபத்தான பழக்கம்ங்க. கார்ட்ல போட்டுட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தா விலை குறையும்னு வாடிக்கையாளருக்கு ஒரு தடவை தெரிஞ்சுட்டா அப்புறம் முழு விலைக்கு அவங்க வாங்கவே மாட்டாங்க, அவங்க தங்கச்சிக்கும் சொல்லிக் குடுப்பாங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கற இடம், யாரை எடுக்கறது. வாங்கினவங்களை லிஸ்ட்ல இருந்து கழிக்கணும்னு எல்லாப் பாடத்துலயும் இருக்கும், பர்ச்சேஸ் நடந்தவங்களை எக்ஸ்க்ளூட் பண்ணுங்கன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க. நம்ம ஊர்ல அது ஒரு வரில முடியற வேலை இல்ல. ஏன்னா பர்ச்சேஸ்னு பிக்சலுக்குத் தெரியறது "நன்றி, உங்க ஆர்டர் வந்துடுச்சு"ங்கிற கடைசிப் பேஜ் திறந்தாத்தான். நம்ம ஆளுங்க யுபிஐல கட்டும்போது பணம் கட்டுற ஆப்புக்குப் போறாங்க, பின் போடுறாங்க, பணம் போயிடுச்சுன்னு பச்சை டிக் வந்ததும் அங்கயே போனை வச்சுடறாங்க. பிரவுசருக்குத் திரும்பி வரவே இல்ல. பணம் உங்களுக்கு வந்துடும், ஆர்டரும் விழுந்துடும், ஆனா பிக்சல் கணக்குப்படி அவர் கார்ட்ல விட்டுட்டுப் போனவர். அடுத்த ஒரு வாரம் அவர் காசு குடுத்து வாங்கின அதே சேலையை, கூப்பனோட, அவருக்கே காட்டிட்டிருப்பீங்க. முழு விலை குடுத்த ஒரு நல்ல வாடிக்கையாளருக்கு எப்படி இருக்கும் அது? இதுக்கு வழி என்னன்னா, பர்ச்சேஸ் சேதி பிரவுசர்ல இருந்து மட்டும் போகாம உங்க சர்வர்ல இருந்தும் போகணும். மெட்டாவுல இதுக்கு கன்வெர்ஷன்ஸ் ஏபிஐன்னு பேரு. பணம் வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வே கம்பெனி பணம் வந்துடுச்சுன்னு உங்க சர்வருக்குச் சொல்ற அந்த நிமிஷத்துல சர்வர் மெட்டாவுக்குச் சொல்லிடும், ஆள் திரும்பி வந்தாரா இல்லையான்னு கவலை இல்ல. பிரவுசர், சர்வர் ரெண்டு பக்கமும் அந்த விற்பனைக்கு ஒரே ஈவென்ட் ஐடி, அதாவது ஒரே அடையாள எண் போகுதான்னு மட்டும் பாத்துக்கங்க, அப்பதான் மெட்டா அதை ஒரே விற்பனையா எடுத்துக்கும்.

அடுத்தது வாட்ஸ்அப். சைட்ல சேலையைப் பாத்துட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி "இது இருக்கா, கலர் வேற இருக்கா"ன்னு கேட்டு அங்கயே ஜிபே பண்ணி வாங்கறவங்க நம்ம ஊர்ல எவ்ளோ பேர்! சில கடைக்குப் பாதி வியாபாரமே அதுதான். இவங்க யாருமே பிக்சல் கண்ணுக்கு வாங்கினவங்க இல்ல. இதுக்கு வாங்கினவங்க போன் நம்பர் பட்டியலை வாரம் ஒரு தடவை மெட்டாவுல கஸ்டமர் லிஸ்ட்டா ஏத்தி, அதை எக்ஸ்க்ளூட் பண்ணணும். ஏத்தும்போது நம்பர் அப்படியே போகாது, ஹேஷ் பண்ணி, அதாவது திரும்ப நம்பரா படிக்க முடியாத ஒரு குறியீடா மாத்தித்தான் பொருத்திப் பாப்பாங்க. அப்படியிருந்தும் இந்த மாதிரி உபயோகிப்போம்னு வாடிக்கையாளர்கிட்ட சொல்லி ஒப்புதல் வாங்கி வச்சுக்கங்க, அவங்க நம்பர் அவங்களோடது.

கேஷ் ஆன் டெலிவரில இதுக்கு நேர் எதிரான பிரச்சனை. ஆர்டர் போட்டதும் பிக்சல் விற்பனைன்னு எழுதிடும், பார்சல் வாங்காம திருப்பி அனுப்பினது அதுக்குத் தெரியாது. ரிப்போர்ட்ல 40 விற்பனைன்னு இருக்கும், கையில காசா வந்தது 28 ஆ இருக்கும், அந்த 40ஐ நம்பி பட்ஜெட்டை ஏத்துவீங்க. கூரியர் கணக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் விளம்பர ரிப்போர்ட்டைப் படிக்கணும்.

எத்தனை தடவை காட்டுறதுங்கிறதும் இதோட சேர்ந்ததுதான். கூகுள் டிஸ்ப்ளேல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான்னு வரம்பு வைக்கலாம், மெட்டா ரிப்போர்ட்ல ஃப்ரீக்வென்சின்னு ஒரு கட்டம் இருக்கும், ஒரு ஆளுக்குச் சராசரியா எத்தனை தடவை காட்டியிருக்குன்னு சொல்றது, அதை வாரம் ஒரு தடவை பாருங்க. சின்ன லிஸ்ட்டுக்குப் பெரிய பட்ஜெட் போட்டா சிஸ்டம் அதே 240 பேர் முகத்துல தினமும் அடிச்சுக்கிட்டே இருக்கும், வேற வழி அதுக்கு இல்ல. பட்ஜெட்டைக் குறைக்கறதுதான் மருந்து.

சில பொருளுக்கு ஒரு தடவை காட்டுறதே தப்பு. நம்ம வீடுகள்ல ஒரு போனை மூணு பேர் உபயோகிப்பாங்க, மருமக தேடிப் பாத்த கருத்தரிப்பு சிகிச்சை விளம்பரம் மாமனார் செய்தி படிக்கும்போது வந்து நிக்கும். கடன் தொல்லை, மனநல சிகிச்சை, தோல் வியாதி மருந்து, எல்லாம் அப்படித்தான். கூகுள் விளம்பர விதிகள்லயே உடல்நலப் பிரச்சனை, பண நெருக்கடி, மத நம்பிக்கை மாதிரி விஷயங்களை வச்சு ஆளுங்களைக் குறி வைக்கக் கூடாதுன்னு தடை இருக்கு, மீறினா விளம்பரம் நிக்கும். விதி இல்லன்னாலும் நீங்க பண்ணக் கூடாது. சட்டமும் இப்ப பின்னாடியே வந்துடுச்சு. 2023ல பிரான்ஸோட தனியுரிமை ஆணையம் கிரிட்டியோவுக்கு 4 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, யாரோட குக்கியை வச்சு விளம்பரம் காட்டினாங்களோ அவங்க நிஜமா ஒப்புதல் குடுத்தாங்களான்னு சரிபாக்கலங்கிறது முக்கியமான குற்றச்சாட்டு. நம்ம நாட்டுலயும் 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கான விதிகளும் வந்து படிப்படியா அமலாகுது. ஒப்புதல் தெளிவா வாங்கணும், 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களைப் பின்தொடர்ந்து கவனிக்கறதோ அவங்களைக் குறி வச்சு விளம்பரம் காட்டுறதோ கூடாதுங்கிறது அதுல இருக்கு, பசங்களுக்கான டியூஷன், கேம், பொம்மை விக்கறவங்க இதை இப்பவே கவனிக்கணும்.

கடைசியா பலன். ரிப்போர்ட் ஏன் அழகா இருக்குன்னு ஆரம்பத்துல சொன்னேனே, அதோட காரணம் இதுதான். கார்ட்ல போட்டவங்கள்ல ஒரு பங்கு பேர் விளம்பரம் இல்லாமலே திரும்பி வந்து வாங்குவாங்க, சம்பளம் வந்ததும், வீட்டுல கேட்டுட்டு, பஸ்ல இருந்து இறங்குனதும். நடுவுல உங்க விளம்பரம் அவங்க ஸ்கிரீன்ல வந்துட்டுப் போச்சுன்னா அந்த விற்பனையை விளம்பரம் தன் கணக்குல எழுதிக்கும். தட்டக்கூட வேண்டாம், மெட்டாவுல வழக்கமா வச்சிருக்கற கணக்கு முறைப்படி விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள்ளயோ, சும்மா பாத்து 1 நாளுக்குள்ளயோ வாங்கினாலே அது விளம்பரத்தால வந்த விற்பனை.

இப்ப அந்த 240 பேரை 120, 120ஆ பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் விளம்பரம் காட்டுறீங்கன்னு வைங்க, செலவு 1500 ரூபா. காட்டினதுல 15 பேர் வாங்குறாங்க, காட்டாததுல 12 பேர் வாங்குறாங்க. ரிப்போர்ட் சொல்லும் 15 விற்பனை, ஒண்ணுக்கு 100 ரூபா செலவு, அடடா. நிஜத்துல விளம்பரம் கொண்டு வந்தது 3 பேரைத்தான், ஒண்ணுக்கு 500 ரூபா. ஒரு சேலைல உங்களுக்கு நிக்கறது 300 ரூபான்னா ஒவ்வொண்ணுலயும் 200 ரூபா நஷ்டம், ரிப்போர்ட் மட்டும் பச்சையா சிரிச்சுட்டிருக்கும்.

இது கற்பனைக் கணக்குதான், ஆனா நிஜப் பரிசோதனையும் இருக்கு. விளையாட்டுச் சாமான் விக்கிற ஒரு அமெரிக்கக் கடையோட ரீடார்கெட்டிங்கை இதே மாதிரி ரெண்டு கூட்டமா பிரிச்சுப் பாத்த ஆய்வு 2017ல வெளிவந்துச்சு, விளம்பரத்தால சைட்டுக்கு வர்றது 17.2 சதவீதமும் வாங்கறது 10.5 சதவீதமும் கூடுச்சு. அதாவது ரீடார்கெட்டிங் வேலை செய்யுது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா விளம்பரம் பாத்து வாங்கினவங்க 110 பேர்னா அதுல கிட்டத்தட்ட 100 பேர் விளம்பரம் இல்லாமலும் வாங்கியிருப்பாங்க. கூடுதலா வந்த அந்த 10 பேரோட லாபத்துல இருந்துதான் மொத்த விளம்பரச் செலவும் வந்தாகணும்.

பெரிய கம்பெனிங்களுக்கு மெட்டாவும் கூகுளும் லிஃப்ட் டெஸ்ட்னு இதை அளக்க வசதி குடுக்கறாங்க, சின்ன பட்ஜெட்ல அது சரியா வராது. நமக்கு எளிமையான வழி ஊரை வச்சுப் பிரிக்கறது. மதுரை, திருச்சி பக்கம் மட்டும் ரீடார்கெட்டிங்கை ஓட விடுங்க, கோவை, சேலம் பக்கம் நிறுத்துங்க, மத்த விளம்பரமெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். மெட்டாவுல அட்வான்டேஜ் பிளஸ் கேம்பெயின், அதாவது யாருக்குக் காட்டணும்னு மெட்டாவே முடிவு பண்ற விளம்பரம் ஏதாவது ஓடிட்டிருந்தா அதுவும் தானாவே பழைய விசிட்டர்களுக்கும் காட்டும்ங்கிறதை மறந்துடாதீங்க, அதுலயும் அவங்களைக் கழிச்சு வைக்க முடியுதான்னு பாருங்க, இல்லன்னா கோவைக்காரங்களுக்கும் ரீடார்கெட்டிங் ஓடிட்டுத்தான் இருக்கும். ஒரு மாசம் கழிச்சு விளம்பர ரிப்போர்ட்டை மூடி வச்சுட்டு உங்க ஆர்டர் புத்தகத்தை எடுங்க, சைட், வாட்ஸ்அப் எல்லாம் சேர்த்து, திரும்பி வந்த பார்சலைக் கழிச்சு, ரெண்டு பக்கமும் அதுக்கு முந்தின மாசத்தை விட எவ்ளோ கூடியிருக்குன்னு பாருங்க. அடுத்த மாசம் ஊரை மாத்திப் போடுங்க. மூணு நாலு ஆர்டர் வித்தியாசம் தற்செயலாவும் வரும், அதனால ஒரு மாசத்துல முடிவு எடுக்க வேண்டாம், ஆடி, தீபாவளி மாதிரி சீசன்ல இந்தச் சோதனையை ஆரம்பிக்கவும் வேண்டாம்.